லாரியில் ஏறாத ஞாயிறு

1983 ஜூலையில் நடந்த ட்ரையத்லான் பந்தயத்தில் சேதுபதி முடிவுக் கோட்டை லாரியில் தாண்டினார்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்துச் செய்து முடிக்க வேண்டிய பந்தயம் அது. சிங்கப்பூருக்கு அப்போது புதிது. நான்கு மணி நேரத்துக்குள் முடிக்காதவர்களைப் பின்னாலிருந்து ஒரு லாரி வந்து ஏற்றிக்கொள்ளும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குள் லாரி திரும்ப வேறு இடம் இல்லாததால் அது முடிவுக் கோட்டின் வழியாகவே வெளியே போனது. கூட்டம் கைதட்டியது. கேலி இல்லை. வெயிலில் அவ்வளவு நேரம் நின்ற கூட்டம் எது வந்தாலும் கைதட்டும். பிளாஸ்டிக் கூம்புகளுக்கும் மடக்கிய மேசைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த சேதுபதிக்கு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று தெரியவில்லை. மரத்தடியில் நின்றிருந்த மனைவி சிவகாமசுந்தரி துண்டை விரித்துக்கொண்டு முன்னால் ஓடி வந்தார். லாரி நிற்காமல் போனது. விரித்த துண்டோடு அவர் அப்படியே நின்றுவிட்டார்.

“மத்ததெல்லாம் தாங்கிக்கலாம். அவ துண்டோட நின்னதுதான்...” என்று பல ஆண்டுகள் கழித்தும் சேதுபதி அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்.

சேதுபதிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. செம்பவாங் கடற்படைத் தளத்தின் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். அப்பா கப்பல் பட்டறையில் வேலை செய்தார். வீட்டிலிருந்து கடல் நடக்கும் தூரம் என்பதால் நீச்சல் தானாக வந்தது. எந்தக் கை எப்போது போக வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அவர் நீந்துவதைப் பார்த்தவர்கள், யாருடனோ சண்டை போடுகிறார் என்றே நினைப்பார்கள். அவரும் பட்டறையில் எலெக்ட்ரீஷியனாகத்தான் தொடங்கினார். வெள்ளைக்காரர்கள் தளத்தை விட்டுப் போனதும் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். வேலை புக்கிட் மேராவில். 82இல் பஃபலோ ரோட்டின் புது அடுக்குமாடியில் ஒன்பதாவது தளத்தில் வீடு கிடைத்தது. கீழே சந்தை, எதிரே சிராங்கூன் ரோடு, பக்கத்தில் ஃபேரர் பார்க் நீச்சல் குளம். குளம் அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது போகாமல் இருப்பது தப்பு என்று போகத் தொடங்கினார். அங்கே சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தார்.

லாரியில் வந்த மறுநாள் வேலை இடத்தில் ஒருவர், “லாரி வந்துட்டாரு லா,” என்றார். அந்தப் பெயர் ஒரு வருஷம் ஒட்டிக்கொண்டது. மேற்பார்வையாளர்கூட ஒருமுறை வேலைப் பட்டியலில் அப்படி எழுதிவிட்டு அழித்தார். சேதுபதி எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து அடுத்த ஆண்டுப் பந்தயத்தின் படிவத்தை நிரப்பினார். அவர் ஆசைப்பட்டது பரிசு இல்லை, நேரம்கூட இல்லை. கடைசி ஆளாக வந்தாலும் சரி, தன் காலில் வர வேண்டும். லாரியில் ஏறக் கூடாது.

1986இல் அவர் பந்தயத்தை நேரத்துக்குள் முடித்தார், பதக்கமும் வாங்கினார். அதைப் பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார். 84ஐப் பற்றிக் கேட்டால் தேநீர் ஆறிவிடும்.

84க்கான திட்டம் நன்றாகத்தான் இருந்தது. வாரம் இரண்டு நாள் நீச்சல், இரண்டு நாள் சைக்கிள், இரண்டு நாள் ஓட்டம். அடுப்படியில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் ஒவ்வொரு தாளிலும் அன்றைய பயிற்சியை எழுதி வைத்தார். சிவகாமசுந்தரி காலையில் தாளைக் கிழிக்கும்போது சத்தமாகப் படிப்பார். “இன்னைக்கு ஓட்டமாம்,” என்பார். அந்த நேரம் சேதுபதி சட்டையை மாட்டிக்கொண்டு பழுதான ஏதாவது லிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். மார்ச்சில் இரண்டு பேர் வேலையை விட்டார்கள். ஏப்ரலில் ஒரே பிளாக்கில் மூன்று முறை கேபிள் மாற்ற வேண்டியிருந்தது. மே மாத முடிவில் கணக்குப் பார்த்தபோது நீச்சல் ஒன்பது நாள், ஓட்டம் ஏழு நாள். சைக்கிளை மட்டும் நிறைய ஓட்டியிருந்தார். ஜாலான் புசார் கடையில் வாங்கிய பழைய பத்து கியர் வண்டி அது. அதிலேயேதான் வேலைக்குப் போனார்.

ஜூன் முதல் தேதியோடு ரமலான் நோன்பு தொடங்கியது. அவரோடு ஜோடியாக வேலை செய்தவர் இப்ராஹீம், ஆறு வயது இளையவர். லிஃப்ட் வேலையில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே குழியில் இறங்குவார், மற்றவர் மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போவார். லிஃப்ட்தான் ஓடவில்லையே, பன்னிரண்டு மாடியையும் படியில்தான் ஏற வேண்டும், கையில் கருவிப் பெட்டியோடு. வழக்கமாக இருவரும் மாறி மாறி ஏறுவார்கள். நோன்பு தொடங்கிய முதல் நாள் இப்ராஹீம் பெட்டியை எடுத்தபோது சேதுபதி அதை வாங்கிக்கொண்டார். மறுநாளும் வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் இப்ராஹீம் பெட்டியைத் தொடவில்லை. ஒரு நாளைக்கு நான்கு பிளாக், சில நாள் ஐந்து.

இதைத் தியாகம் என்று சொன்னால் சேதுபதிக்குச் சங்கடம். தனக்கும் அதில் லாபம் இருந்தது என்பார். படி ஏறுவது ஓடுவதற்குச் சமம் என்று அவர் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். எனவே சாயங்காலம் ஓடப் போகாததற்கு வருத்தமும் இல்லை. சோறு சாப்பிட்டுவிட்டு ஏழரை மணிக்கே தூங்கிவிடுவார்.

பந்தயம் ஜூன் மூன்றாம் ஞாயிறு. முந்தின நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை அவருக்கு எண்ணெய்க் குளியல் நாள், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வாரம் தவறியதில்லை. நாளைக்குப் பந்தயம் இருக்கிறதே, இன்றைக்கு வேண்டாம், உடம்பு அசந்துவிடும் என்று சிவகாமசுந்தரி சொன்னார். உடம்புச் சூடு தணிந்தால்தான் வெயிலில் ஓட முடியும் என்று சேதுபதி சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நெடுந்தூரம் கடலில் நீந்துகிறவர்கள் உடம்பில் கொழுப்புப் பூசிக்கொள்வார்கள் என்று எங்கேயோ படித்தது நினைவுக்கு வந்தது. கொழுப்புக்குப் பதில் நல்லெண்ணெய் இருக்கட்டும் என்று முடிவு செய்தார். சீயக்காய் தேய்க்காமல் வெந்நீரை மட்டும் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஞாயிறு காலை புறப்படும்போது கையிலும் முதுகிலும் இன்னும் கொஞ்சம் தடவிக்கொண்டார்.

“நீந்தப் போறீங்களா, இல்ல உங்களை வாணலியில போடப் போறாங்களா?” என்று சிவகாமசுந்தரி கேட்டார்.

கடற்கரையில் ஏறக்குறைய இருநூறு பேர் நின்றார்கள். உதவிக்கு வந்திருந்த ஒரு தொண்டூழியர் சேதுபதியின் மேல்கையில் நீல மார்க்கரால் 118 என்று எழுத முயன்றார். முதல் பேனா வழுக்கியது. இரண்டாவது பேனாவில் அழுத்தி எழுதியதும் எண் தெரிந்தது. ரப்பர் தொப்பி தலையில் நிற்கவில்லை, நெற்றியிலிருந்து வழுக்கி ஏறி ஏறிப் போனது. ஏழரைக்கு விசில் ஊதினார்கள்.

தண்ணீரில் இறங்கி ஐம்பது மீட்டர் போவதற்குள் தொப்பி கழன்றுவிட்டது. நீச்சல் கண்ணாடி கழுத்துக்கு இறங்கியது. உப்புத் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து கண்ணில் எரிய, எந்த மிதவையைச் சுற்ற வேண்டும் என்று தெரியவில்லை. முன்னால் போன ஒரு சீனப் பெரியவரின் கால்கள் தண்ணீரில் அடித்த நுரையைப் பார்த்தே ஒரு கிலோமீட்டரையும் நீந்தினார். அவர் யார் என்று கடைசிவரை தெரியாது. “அந்த மனுஷனுக்கு நான் பின்னால வந்ததே தெரியாது. அவர் வழி தப்பியிருந்தா நான் பாத்தாம் போயிருப்பேன்,” என்று சேதுபதி சொல்வார். எதிரே தெரியும் இந்தோனேசியத் தீவைத்தான் சொல்கிறார்.

கரையேறியபோது மணி எட்டேகால் ஆகியிருந்தது. அங்கே ஒரு பெண்மணி ஒவ்வொருவர் கையிலும் இருந்த எண்ணைப் படித்துச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார். சேதுபதியின் கையில் நீலமாக ஒரு தீற்றல் மட்டும் இருந்தது. எண்ணைத் தன் வாயால் சொன்னார். வாயால் சொன்னால் செல்லாது. தண்ணீரில் இறங்கியவர்கள் அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்களா என்று பார்ப்பதற்காகத்தான் அந்த எண், எனவே தப்பாகப் பதிய முடியாது என்றார்கள். பதிவு அட்டைகள் இருந்த பெட்டி வேறு கூடாரத்தில் இருந்தது. ஒருவர் ஓடிப் போய் எடுத்து வந்து, அட்டையில் இருந்த படத்தையும் எண்ணெயும் மணலுமாக நின்றவரையும் மாறி மாறிப் பார்த்து அனுப்பி வைத்தார். ஒன்பது நிமிடம் போனது. அந்தப் பெண்மணி தன் கைக்குட்டையால் அவர் கையைத் துடைத்து எண்ணை மறுபடி எழுதிவிட்டார் என்பதைச் சேதுபதி மறக்காமல் சொல்வார். கோபம் வரவில்லையா என்று கேட்டால், “அவங்க என் உயிரைக் கணக்குல வெச்சிருக்காங்க. அதுக்கு நான் கோபப்படறதா?” என்று திருப்பிக் கேட்பார்.

சைக்கிள் நாற்பது கிலோமீட்டர், சாங்கி பக்கம் போய்த் திரும்ப வேண்டும். போகும்போது காற்று முதுகில் இருந்தது. பள்ளிக்கூடப் பையன்கள் முந்தினார்கள், ஐம்பது வயதுப் பெண் ஒருவர் வணக்கம் சொல்வதுபோல் தலையசைத்து முந்தினார். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அடித்தது. பத்தேகாலுக்கு வண்டியைச் சாய்த்துவிட்டு ஓடத் தொடங்கியபோது மீதம் இருந்தது எழுபத்தைந்து நிமிடமும் பத்து கிலோமீட்டரும். சட்டையில் நான்கு ஊக்கு குத்திய துணி எண் இப்போது தெளிவாகத் தெரிந்தது.

முதல் நான்கு கிலோமீட்டர் ஓடினார். ஐந்தாவதில் இரண்டு தொடையும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. படி ஏறிய கணக்கு தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. அந்தத் தசைகள் இரண்டு வாரத்துக்கும் மேலாக ஓய்வே இல்லாமல் இருந்தவை. கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம், அப்புறம் நடை மட்டும். பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பட்டம் விடுகிறவர்கள், வாடகை சைக்கிளில் குடும்பங்கள், கரியில் சாத்தே இறைச்சிக் குச்சிகளை வாட்டுகிறவர்கள். எல்லோரும் அவருக்கு வழிவிட்டார்கள். எண் குத்திய ஆள் நடந்து போவதைப் பார்த்து ஒரு குழந்தை, “அங்கிள் தொலைஞ்சு போயிட்டாரா?” என்று அம்மாவிடம் கேட்டது.

எட்டாவது கிலோமீட்டரில் கடைசித் தண்ணீர் மேசை. மேசைக்குப் பின்னால் இப்ராஹீம் நின்றார். வேலை இடத்தில் யாரிடமும் சொல்லாமல் தொண்டூழியராகப் பெயர் கொடுத்திருந்தார். காலை எட்டரையிலிருந்து, தானும் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், வருகிறவர்களுக்கெல்லாம் கோப்பை நீட்டிக்கொண்டிருந்தார். சேதுபதி கோப்பையை வாங்கிக்கொண்டு குடிக்கத் தயங்கினார்.

“எனக்காக நீங்க நோன்பு பிடிக்க வேணாம் அண்ணே. குடிங்க,” என்றார் இப்ராஹீம்.

மூன்று கோப்பை குடித்தார். நான்காவதைத் தலையில் ஊற்றிக்கொள்ளும்போது பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. மணி பதினொன்றரை. லாரி அதே லாரி. ஓட்டுநர் ஜார்ஜும் போன வருஷம் ஓட்டியவர்தான், நல்ல பையன். பின்னால் ஏற்கெனவே ஆறு பேர் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ஜார்ஜ் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “வாங்க அண்ணே. போன வருஷம் உட்கார்ந்த இடத்தை யாருக்கும் குடுக்கல.”

லாரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சேதுபதி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான் என்றார். அதெல்லாம் சரிதான், பதினொன்றரை ஆகிவிட்டதே என்றார் ஜார்ஜ். எண் குத்தியவர்கள் யாரும் சாலையில் இருக்கக் கூடாது, மயங்கி விழுந்தால் அமைப்பாளர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. அவர் பொய் சொல்லவில்லை, போன வருஷமும் இதையேதான் சொன்னார். சேதுபதி ஒரு காலைத் தூக்கி லாரியின் படியில்கூட வைத்துவிட்டார். மறுகால் தூக்க வரவில்லை. அந்த நிலையில் நின்றபடியே கேட்டார்.

“நம்பர் குத்தினவங்களைத்தானே ஏத்தச் சொன்னாங்க?”

“ஆமா.”

“நம்பர் இல்லாதவங்க?”

ஜார்ஜ் கொஞ்சம் யோசித்தார். “அவங்க பார்க்குக்கு வந்த பப்ளிக் லா. அவங்களை ஏத்த நான் யாரு?”

சேதுபதி காலை இறக்கினார். ஊக்குகளைக் கழற்றப் பார்த்தார், விரல்கள் மரத்துப்போயிருந்தன. இப்ராஹீம் வந்து நான்கையும் கழற்றித் துணியை மடித்து ஜார்ஜிடம் கொடுத்தார். ஜார்ஜ் தன் தாளில் 118க்கு நேராகக் குறித்துக்கொண்டார். இனி முடிவுப் பட்டியலில் பெயர் வராது அண்ணே, பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்றார் சேதுபதி. ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு குடிமகன் பூங்காவில் நடப்பதை யாரும் தடுக்க முடியாது.

மேசையையும் தண்ணீர்த் தொட்டியையும் லாரியில் ஏற்றினார்கள். இப்ராஹீம் ஏறவில்லை. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு சேதுபதியின் பக்கத்தில் வந்து நின்றார். உச்சி வெயிலில் நோன்போடு நடக்க வேண்டாம், லாரியில் போ என்று சேதுபதி கோபமாகவே சொன்னார்.

“ரெண்டு வாரத்துக்கும் மேல என் படியை எல்லாம் யாரு ஏறினது? நான் கேட்டேனா? நீங்க சொன்னீங்களா?” என்றார் இப்ராஹீம். “பேசாம நடங்க அண்ணே. பேசினா எனக்குத்தான் தாகம் எடுக்கும்.”

நடந்தார்கள். சவுக்கு மர நிழல் இருந்த இடத்தில் மெதுவாக, நிழல் இல்லாத இடத்தில் வேகமாக. இப்ராஹீம் செருப்பில் வந்தார். சேதுபதி கேட்காமலேயே பாட்டில் அவ்வப்போது கைக்கு வந்தது. ஒருமுறை சேதுபதி, கரையில் அந்த ஒன்பது நிமிடம் போகாமல் இருந்திருந்தாலும் தன்னால் நேரத்துக்குள் முடித்திருக்க முடியாது என்று சொன்னார். இப்ராஹீம் அது உண்மைதான் என்றார். கடைசி வளைவில் சேதுபதி ஓட முயன்றார். அவர் ஓடிய வேகத்துக்கு இப்ராஹீம் பக்கத்தில் நடந்தே வந்தார்.

முடிவிடத்தில் கூட்டம் போய்விட்டது. ஒலிபெருக்கி, கூடாரம், கடிகார மேசை எதுவும் இல்லை. பேனரைச் சுருட்டி ஓரத்தில் வைத்திருந்தார்கள். ஆனால் பேனரைத் தாங்கிய இரும்புச் சட்டம் மட்டும் சாலைக்குக் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு சீன ஊழியர்கள் ஸ்பானரோடு மல்லுக்கட்டினார்கள். ஒரு போல்ட் துருவேறி இறுகி, கால் மணி நேரமாகக் கழன்று வரவில்லை. சிவகாமசுந்தரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். லாரி வெறும் ஆறு பேரோடு போனதை அவர் பார்த்திருந்தார். தன் கணவர் என்ன ஆனார் என்று ஜார்ஜிடம் கேட்டு, நடந்து வருகிறார் என்று தெரிந்துகொண்டு, அப்புறம்தான் உட்கார்ந்தார்.

சேதுபதி சட்டத்துக்கு அடியில் போய் அந்தப் பக்கம் வந்து நின்றார். யாரும் கைதட்டவில்லை. மணி பதினொன்று ஐம்பத்தெட்டு என்று இப்ராஹீம் தன் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். சிவகாமசுந்தரி துண்டைக் கணவரின் தோளில் போட்டு, “இவ்வளவு நேரமா? இட்லி காஞ்சு போச்சு,” என்றார். முகத்தைத் துடைக்கும் சாக்கில் சேதுபதி துண்டைத் தன் கண்ணில் கொஞ்ச நேரம் வைத்தே பிடித்திருந்தார். சிவகாமசுந்தரியும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

உட்காரச் சொன்னார்கள். சேதுபதி உட்காரவில்லை. சட்டத்தின் பக்கம் திரும்பினார். போல்ட்டைக் கழற்றத்தான் போகிறார் என்று புரிந்து இப்ராஹீமும் கூட வரப் பார்த்தார், அவரை நிழலில் உட்கார வைத்துவிட்டுத்தான் சேதுபதி போனார். அந்த ஊழியர்களிடம் மலாயில் ஸ்பானரைக் கேட்டார். போல்ட்டைப் பார்த்தார். லிஃப்ட் குழிகளில் இதைவிட மோசமானதை எல்லாம் பார்த்த கை. கழற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் இறுக்கினார். தட்டினார். மறுபடி இறுக்கினார். தன் முழங்கையில் இன்னும் மினுமினுத்த நல்லெண்ணெயை விரலால் வழித்து மரையில் தடவினார். பிறகு உடம்பின் பாரம் முழுவதையும் ஸ்பானரில் போட்டார். கிறீச்சென்று ஒரு சத்தம், போல்ட் திரும்பியது.

அந்த ஊழியர்கள் ‘தெரிமா காசே’ என்று நன்றி சொன்னார்கள். சேதுபதி தலையசைத்து மறுத்தார். கடைசிவரை சட்டத்தை நிற்க வைத்த அந்த போல்ட்டுக்குத் தானல்லவா நன்றி சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு விளக்க அவரிடம் மலாய் போதவில்லை. சட்டத்தின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்று பேருமாகச் சேர்ந்து அதை மெதுவாகப் புல்லில் சாய்த்தார்கள்.